மணலும் சக்கரமும்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் அஸர் தொழுகைக்குப் பிறகு சற்று நேரம் உலவி வருவது என் நெடுநாள் வழக்கம். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே விரிந்து கிடக்கிறது அந்த மணற்பரப்பு. ஒரு மாலை அங்கே சிறியதொரு காட்சியைக் காண நேர்ந்தது. என் மனத்தில் வெகுநாளாகக் கிடந்த ஒரு வரலாற்றை எழுதியே ஆகவேண்டுமென்று அக்காட்சி என்னைத் தூண்டிவிட்டது.

நான்கு சக்கரங்களும் ஒருசேர இழுக்கும் ஆற்றல் வாய்ந்த புத்தம்புது ஜீப் ஒன்றை இளைஞர் நால்வர் சாலையிலிருந்து மணலுக்குள் இறக்கினர். பத்து பாகம் தூரம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. ஓட்டியவர் விசையைக் கூட்டினார். இயந்திரம் உறுமியது, மணல் வாரி இறைந்தது, வண்டியோ ஓரங்குலமும் நகராமல் அச்சுவரை புதைந்துபோயிற்று. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். மீனவர், எழுபது வயதுக்குக் குறையாது.

“முடுக்காதே தம்பி. முடுக்க முடுக்கக் குழிதான் ஆவும். சக்கரத்துக் காத்தைப் பாதி எறக்கு” என்றார். படகுக்கு அண்டை கொடுத்திருந்த பலகைகள் இரண்டைக் கொணர்ந்து சக்கரங்களுக்கு முன்னே செருகினார். குப்பத்துப் பிள்ளைகள் கைகொடுத்தனர். வண்டி மெல்ல அசைந்து கரையேறிற்று. போகும்போது அந்தப் பெரியவர் சொன்ன சொல் என் செவியில் நின்றுவிட்டது: “மணலை மெரட்டக் கூடாது தம்பி. அதுகிட்டே கெஞ்சித்தான் போவணும்.”

எழுத்தறியாத ஒருவர் ஒரே வரியில் சொன்ன இந்த உண்மையை அறிந்துகொள்ள மோட்டார் வண்டிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அறிந்த பிறகு அதை மறந்ததால் விளைந்த கேடும் சிறிதன்று. அந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

லஹ்பாபில் ஒரு மாலை

சில ஆண்டுகளுக்கு முன் துபாயில் பணிபுரியும் என் மருமகனின் அழைப்பின் பேரில் அங்குச் சென்றிருந்தேன். “மாமா, கட்டடங்களைப் பார்த்தது போதும்; பாலைவனத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது” என்று கூறி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை லஹ்பாபுக்கு அழைத்துப் போனார். துபாயிலிருந்து ஹத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கில் உள்ள மணற்குன்றுப் பகுதி அது. மணற்பரல்கள்மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் குன்றுகள் யாவும் செம்பொன் நிறம் கொண்டு திகழ்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தோர் அங்கே பெரிய வண்டிகளில் ஏறிக் குன்றுகள்மீது பாய்ந்து இறங்கி மகிழ்கின்றனர்.

எங்கள் வண்டியின் ஓட்டுநர் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த தமிழர். சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, நான்கு சக்கரங்களிலிருந்தும் காற்றைப் பெருமளவு வெளியேற்றினார். சாலையில் 35 என்றிருக்கும் காற்றழுத்தம் மணலில் 15 அளவுக்கு இறங்கவேண்டுமாம். காரணம் கேட்டேன். “ஒட்டகத்தின் காலைப் பாருங்கள் மாமா. நிலத்தில் வைத்ததும் அகன்று பரவுகிறது. காற்றை இறக்கினால் சக்கரமும் அப்படிப் பரவி, பாரம் ஒரே இடத்தில் விழாமல் பகிர்ந்துகொள்ளும்” என்றார்.

ஏறும்போது விசை குன்றாமல் ஏறவேண்டும், உச்சியில் நிதானிக்கவேண்டும், இறங்கும்போது நேர்கீழாக மட்டுமே இறங்கவேண்டும், குறுக்காகத் திரும்பினால் வண்டி உருண்டுவிடும் என்று அவர் விளக்கினார். மணற்குன்றுக்கு முகம் ஒன்று, முதுகு ஒன்று உண்டு. காற்று வரும் பக்கம் 10, 15 பாகைச் சரிவாக மெல்ல உயரும். காற்று மறைந்த பக்கமோ 33, 34 பாகைக்குச் செங்குத்தாய்ச் சரியும். உலர்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது. மெல்லிய சரிவில் ஏறி வருகிறவனுக்கு அப்பால் உள்ள பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேகத்தை நம்பி உச்சியைத் தாண்டிப் பறந்தவர்கள் பலர் எலும்பு முறிந்து மருத்துவமனை சேர்ந்திருக்கின்றனர்.

ஒரு குன்றின் அடிவாரத்தில் தனித்து நின்ற மரத்தைக் கண்டு வியப்புற்றேன். அது நம் ஊர் வன்னி! அரபியர் ‘ஙாஃப்’ என்று அழைக்கின்றனர். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமும் அதுவே. ஆழ வேரோடி, எங்கோ கிடக்கும் நீரைத் தேடிப் பிடித்து, மணலைத் தன் காலடியில் கட்டி வைத்திருந்தது. மேலே வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. மரமோ அசையாமல் நின்றது. பாலையை வென்றது இவற்றுள் எது என்ற வினா அப்போதே என்னுள் எழுந்தது.

அரபியர் சக்கரத்தைக் கைவிட்டது ஏன்?

மணலோடு அரபு மக்கள் கொண்ட உறவு மொழியிலேயே பதிந்து கிடக்கிறது. திருமறையின் 46ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அல்-அஹ்காஃப்’. வளைந்து நீண்ட மணல்மேடுகள் என்பது அதன் பொருள். ஆது கூட்டத்தார் வாழ்ந்த நிலமாக அது சுட்டப்படுகிறது. வாள்போல் நீண்டு கிடக்கும் மணல்மேட்டுக்கு அரபியர் இட்ட ‘ஸைஃப்’ என்ற பெயரையே இன்று உலகின் நில நூலாரும் கையாளுகின்றனர். இத்தகைய மக்கள் சக்கர வண்டியை நெடுங்காலம் பயன்படுத்தவில்லை என்பது மேனாட்டார் பலருக்குப் புதிராகத் தோன்றியது. ‘சக்கரம் அறியாத சமுதாயம்’ என்று இகழ்ந்தோரும் உண்டு.

உண்மை அதுவன்று. ரிச்சர்ட் புல்லியட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1975இல் வெளியிட்ட ‘ஒட்டகமும் சக்கரமும்’ என்ற பொருள்படும் நூலில் இதனைத் தெளிவுற ஆராய்ந்துள்ளார். மேற்காசியாவில் வண்டி மிகப் பழங்காலத்திலேயே இருந்தது. ஆனால், ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 7ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் அது படிப்படியாக மறைந்து, ஒட்டகம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறியாமையோ பிற்போக்கோ இதற்குக் காரணமன்று, கணக்கே காரணம். வடஅரபு நாட்டார் கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு ஒட்டகத்தின் திமிலை அணைத்து நிற்கும் புதியதொரு சேணத்தை அமைத்தனர். அதன்பின் ஒட்டகம் பாரம் சுமப்பதிலும் போரிலும் ஈடிணையற்றதாயிற்று.

ரோமப் பேரரசன் டையோகிளீஷியன் கி.பி. 301இல் பிறப்பித்த விலை ஆணையை இதற்குச் சான்றாகப் புல்லியட் காட்டுகிறார். 1,200 ராத்தல் பாரம் ஏற்றிய வண்டிக்கு ஒரு மைலுக்கு 20 தினாரியஸ் கூலி. 600 ராத்தல் சுமக்கும் ஒட்டகத்துக்கு 8 தினாரியஸ். எனவே, அதே பாரத்தை இரண்டு ஒட்டகங்கள் 16 தினாரியஸுக்குச் சுமந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதற்குச் சாலை வேண்டா, பாலம் வேண்டா, அச்சும் ஆரமும் செய்யும் தச்சரும் வேண்டா. வணிகன் எதைத் தேர்ந்திருப்பான்?

வண்டி மறைந்ததும் நகரங்களின் உருவமும் மாறிற்று. பாரம் ஏற்றிய ஒட்டகங்கள் எதிரெதிரே விலகிச் செல்லும் அகலமே தெருவுக்குப் போதுமானதாயிற்று. வழியின் அகலம் குறித்துப் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரீ தொகுப்பில் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். சக்கரத்தின் தத்துவத்தை மறந்தவர்களும் அல்லர் அம்மக்கள். சிரியாவின் ஹமா நகரில் பெரும் நீர்ச்சக்கரங்கள் நூற்றாண்டுகளாய்ச் சுழன்றன. 1206இல் அல்-ஜஸரி எழுதி முடித்த பொறியியல் நூலில் பற்சக்கரங்களின் நுட்பங்கள் நிறைந்து கிடக்கின்றன. சக்கரத்தை எங்கே சுழற்றவேண்டும், எங்கே சுழற்றக் கூடாது என்று அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே பொருத்தம்.

ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்று நோக்குமாறு அல்-காஷியா அத்தியாயம் மனிதனை அழைக்கிறது. அதன் பாதத்தை நோக்கினாலே போதும். இரண்டு விரல்களும் தடித்த தோல் மெத்தையால் இணைக்கப்பட்டு, மிதிக்கும்போது விரிகின்றன. குதிரையின் குளம்பு மணலைத் துளைக்கும். ஒட்டகத்தின் பாதமோ மணலின்மீது தங்கும்.

பாதத்தைவிட முதன்மையானது வழியறிந்தவனின் அறிவு. மஅபர் என்று தாம் குறிப்பிடும் நம் தமிழ்க் கரைக்கும் வந்து, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனைக் கண்டு சென்ற இப்னு பதூதா, 1352இல் சஹாராப் பாலையைக் கடந்து மாலி நாட்டுக்குப் பயணமானார். ஸிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்ட அந்த வணிகக் கூட்டத்தின் வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை. மற்றொரு கண்ணிலும் நோய். ஆயினும், அவரைப்போல் அவ்வழியை அறிந்தவர் வேறெவருமில்லை என்று பதூதா வியந்து பதிவு செய்துள்ளார். பாலையில் பார்வை என்பது கண்ணில் மட்டும் இருப்பதன்று.

மோட்டார் வந்த காலம்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்துச் சக்கரம் மீண்டும் பாலைக்கு வந்தது. முதல் உலகப்போரின்போது, 1916 முதல், எகிப்தின் மேற்குப் பாலையில் ஆங்கிலப் படையினர் எடை குறைந்த ஃபோர்டு வண்டிகளில் காவல் சுற்றினர். திசைகாட்டும் காந்த ஊசி வண்டியின் இரும்பால் தடுமாறவே, கதிரவனின் நிழலைக்கொண்டு திசையறியும் கருவியை அமைத்துக்கொண்டனர். 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துக்கூர்த் நகரிலிருந்து சிட்ரோயன் நிறுவனத்தின் ஐந்து வண்டிகள் புறப்பட்டு, மூன்று வாரங்களில், 1923 ஜனவரி 7 அன்று திம்புக்துவை அடைந்தன. பின்சக்கரங்களுக்குப் பதிலாக அகன்ற பட்டைகள் பூட்டிய வண்டிகள் அவை. அதே 1923இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நெய்ர்ன் சகோதரர்கள் டமாஸ்கஸுக்கும் பாக்தாதுக்கும் இடையே மோட்டார்ப் போக்குவரத்தைத் தொடங்கினர். ஒட்டகம் வாரக்கணக்கில் நடந்த தொலைவு அது. 1920களின் பிற்பகுதியில் ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டிகள் பெருகின. பயணிகளின் இடர் குறைந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தவர்களின் அடுப்பு அணைந்தது. முன்னேற்றத்தின் கணக்கேட்டில் இவ்விரண்டு பக்கங்களையும் எழுதுவதே நேர்மை.

ஆனால், இவ்வெற்றிகள் பெரும்பாலும் கெட்டியான பரற்பாலையில் பெற்றவை. உண்மையான மணற்குன்றுகளின் முன் மோட்டார் இன்னும் மண்டியிட்டே நின்றது. எகிப்து அறிஞர் அஹ்மத் ஹஸனைன் 1923இல் ஸல்லூமிலிருந்து சூடானின் அல்-உபைய்யித் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் பயணம் செய்து, அதுவரை நிலப்படத்தில் இடம்பெறாத அர்க்கனு, உவைனாத் மலைகளை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு இலண்டனின் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. அவர் சென்றது ஒட்டகத்தின்மீதே.

மணலைப் படித்தவர்

குன்றுகளின் கதவைத் திறந்தவர் ரால்ஃப் பாக்னால்டு (1896–1990) என்னும் ஆங்கிலப் பொறியாளர். படையதிகாரியாக எகிப்தில் இருந்தபோது விடுமுறை நாள்களில் நண்பர்களோடு தம் சொந்தச் செலவில் ஃபோர்டு வண்டிகளைப் பாலைக்குள் ஓட்டிப் பழகினார். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவர் நடத்திய பயணங்கள் புகழ் பெற்றவை. அவர் கைக்கொண்ட வழிகள் யாவும் எளியவை. சக்கரக் காற்றைக் குறைத்தார். புதைந்த வண்டியை மீட்க நீண்ட எஃகுத் தகடுகளைச் சக்கரத்தின் கீழ் இட்டார். கொதிக்கும் இயந்திரத்திலிருந்து ஆவியாகும் நீரை வீணாக்காமல் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சரிவு இறுகிய மணல், எந்தச் சரிவு இளகிய மணல் என்று குன்றின் முகம் பார்த்து அறியப் பழகினார். பாலைவாழ் மக்கள் காலால் அறிந்ததை இவர் சக்கரத்தால் அறிந்தார் எனலாம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இலண்டனில் தாமே காற்றுக் குழாய் ஒன்றை அமைத்து, மணல் எவ்வாறு நகர்கிறது என்று ஆராய்ந்தார். காற்று மணலைத் தூசியைப்போல் அள்ளிச் செல்வதில்லை. ஒவ்வொரு பரலும் தத்தித் தத்திப் பாய்கிறது. விழும் இடத்தில் வேறு பரல்களை மோதி எழுப்புகிறது. அவை மேலும் பலவற்றை எழுப்புகின்றன. இவ்வாறே முகப்பில் அரிக்கப்பட்டு முதுகில் சரிந்து, குன்று முழுவதும் ஊர்ந்து நகர்கிறது. இவ்வுண்மைகளைத் தொகுத்து 1941இல் அவர் வெளியிட்ட நூலே மணல் இயலுக்கு அடித்தளமாயிற்று.

இதற்கிடையே மீண்டும் போர் மூண்டது. 1940 ஜூலையில் பாக்னால்டின் தலைமையில் நெடுந்தூரப் பாலைப் படை எகிப்தில் உருவாயிற்று. கடக்க முடியாதென்று பகைவர் கருதிய மணற்கடலையே தம் வாயிலாகக் கொண்டது அப்படை. இதில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. 1941 இறுதியில் அமைந்த இந்திய நெடுந்தூரப் பிரிவு அடுத்த ஆண்டு இப்படையோடு இணைந்து பணியாற்றிற்று. பஞ்சாபி முஸ்லிம்களும் சீக்கியரும் ஜாட்டுகளும் இராசபுத்திரரும் லிபியாவின் மணலில் ஒன்றாக வண்டி தள்ளினர் என்பது நம் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறாத செய்தி.

பாக்னால்டின் நூல் இவ்வுலகத்தோடும் நிற்கவில்லை. செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்வோரும் அதனையே துணைக்கொள்கின்றனர். 2015இன் இறுதியில் ‘கியூரியாசிட்டி’ ஊர்தி அங்கே சென்றடைந்த குன்றுத் தொகுதிக்கு அவர் பெயரே இடப்பட்டது. அதற்கு முன் 2004இல் அங்கே இறங்கிய ‘ஸ்பிரிட்’ என்னும் மற்றோர் ஊர்தியின் முடிவையும் ஈண்டுக் கூறவேண்டும். ஐந்தாண்டுகளுக்குமேல் உழைத்த அவ்வூர்தி 2009இல் இளகிய மணலில் புதைந்தது. உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் பல மாதங்கள் முயன்றும் அதனை மீட்க இயலவில்லை. 2010 மார்ச்சுக்குப் பின் அதனிடமிருந்து செய்தியே இல்லை. கோளைக் கடந்து போன சக்கரத்தையும் பிடித்து நிறுத்தியது ஒரு பிடி மணல்!

விளையாட்டும் விலையும்

1930–31இல் பெர்ட்ரம் தாமஸும், 1932இல் ஃபில்பியும், 1940களில் வில்ஃபிரெட் தெஸிகரும் ‘ருபுஉல் காலீ’ என்னும் பெரும்பாலையை ஒட்டகங்களின்மேல் கடந்தனர். துணை நின்றவர்கள் அந்நிலத்துப் பதூவி மக்கள். மோட்டார் இப்பாலையின் தனிமையையும் அதன் மக்களின் வாழ்வையும் அழித்துவிடும் என்று தெஸிகர் அஞ்சினார். அவர் அச்சம் முற்றும் சரி என்று சொல்வதற்கில்லை. மோட்டார் பாலைக்கு மருத்துவரையும் கொணர்ந்தது, குடிநீரையும் கொணர்ந்தது. வறுமையில் இருந்துகொண்டே அதன் அழகைக் காக்குமாறு பிறரைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், ஒரு செய்தியில் அவருடைய அச்சம் மெய்யாயிற்று.

அரபு நாட்டில் ‘மஹா’ என்றொரு வெண்மான் உண்டு. நீண்ட நேர்க்கொம்பும் கரிய பெரிய விழிகளும் உடையது. அரபுக் கவிஞர்கள் காதலியின் கண்களுக்கு இதன் கண்களையே உவமை கூறினர். ஒட்டகத்தின்மேல் சென்று வேட்டையாடியவனால் நூற்றாண்டுகளாக இதனை ஒழிக்க முடியவில்லை. பாலையில் அதற்கு ஒளிய இடமிருந்தது. வேட்டையாடுபவனுக்குக் களைப்பு இருந்தது. வண்டியும் விரைவுத் துப்பாக்கியும் வந்தபின் அந்தச் சமன் குலைந்தது. 1972இல் ஓமானின் ஜித்தத்துல் ஹராஸீஸ் பகுதியில் காட்டு மஹாக்களின் கடைசிக் கூட்டமும் சுட்டு வீழ்த்தப்பட்டது.

நற்பேறாக, 1962இலேயே சில மான்களைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குப் பூங்காவில் வளர்க்க ஏற்பாடு நடந்திருந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் 1982இல் ஓமான் பாலையில் மீண்டும் விடப்பட்டன. காவலர்களாக அமர்ந்தவர்கள் அந்நிலத்து ஹராஸீஸ் குலத்தாரே. காலடித் தடம் ஒன்றைக் கண்டு அது எந்த மானுடையது என்று கூறும் திறம் வாய்ந்தவர்கள் அவர்கள். ஆயினும், துயரம் முடியவில்லை. 1994இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அச்சரணாலயத்தில் 1996இல் 450 ஆக இருந்த மஹாக்கள் திருட்டு வேட்டையால் 65 ஆகக் குறைந்தன. சரணாலயத்தின் பெரும்பகுதி நிலத்தையும் அரசு விலக்கிவிட்டது. 2007இல் யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே.

அமெரிக்காவிலும் இதே வினா வேறு உருவில் எழுந்தது. 1964இல் புரூஸ் மெயர்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் மணற்குன்றில் ஓடுவதற்கென்றே எடையற்ற சிறு வண்டியொன்றை வடிவமைத்தார். 1970இல் மூன்று சக்கர மணல் வண்டிகள் சந்தைக்கு வந்தன. எளிதில் கவிழ்ந்து சிறுவர் உள்ளிட்ட பலரின் உயிரைக் குடித்ததால் 1988இல் அங்கே அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடலாகாது என்று எல்லை வகுக்குமாறு 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஆணை பிறப்பித்தார். அக்காலமுதல் அங்கே மணற்குன்றுகள் சில பகுதி விளையாட்டுக்கும், சில பகுதி உயிரினங்களுக்கும் எனப் பிரிக்கப்பட்டு வருகின்றன.

துபாயும் இவ்வழியில் ஓரடி எடுத்து வைத்துள்ளது. 225 சதுரக் கிலோமீட்டர் பாலைக்கு வேலியிட்டு, அதனைக் காப்பகமாக்கி, மஹாக்களை வளர்க்கின்றனர். அனுமதி பெற்ற சில வண்டிகளே, வகுத்த பகுதியில் மட்டும் அங்கே செல்லலாம். லஹ்பாபைப் பார்த்த மறுநாள் என் மருமகன் என்னை அக்காப்பகத்துக்கும் அழைத்துச் சென்றார். தொலைவில் வெண்மான்கள் ஒரு ஙாஃப் மரத்தின் நிழலில் நின்றன. எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். முதல் நாள் பத்துக் குன்றுகள் ஏறி இறங்கியபோது பெறாத ஒரு நிறைவு, அசையாமல் நின்ற அந்தக் கால்மணி நேரத்தில் கிடைத்தது.

நம் மணல்

பாலை எங்கோ இருக்கிறது. நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாகாது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் தேரிக்காடு நம் சொந்தச் செம்மணற் குன்றுகளே. லஹ்பாபைப் போலவே அங்கும் இரும்புத் துருவே மணலுக்குச் செந்நிறம் தருகிறது. குதிரைமொழித் தேரியில் நின்று பார்த்தவர்கள் அரபு நாட்டில் நிற்பதாகவே மயங்குவர். காயல்பட்டினத்து மக்களுக்கு அது அண்டை நிலம். தென்மேற்குப் பருவத்தில் ஆடிக்காற்று அம்மணலை ஊரையும் வயலையும் நோக்கித் தள்ளும். பனையும் முந்திரியும் நட்டு அதனைக் கட்டி வைத்தனர் நம் முன்னோர். அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து ஸாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் 1956இல் கட்டுரை வெளியிட்டனர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மேடுகளில் மனிதர் வாழ்ந்துள்ளனர். ஒரு சக்கரம் கிளறிவிடும் மணலோடு ஒரு வரலாற்றுச் சான்றும் இடம் பெயர்ந்துவிடக் கூடும்.

பட்டினப்பாக்கத்து மணலும் ஓரிடத்தில் நிற்பதன்று. கடல் நீரோட்டம் ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் அதனைத் தடுத்ததால் மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டது. அடையாற்றின் வாயை மணல் அடைப்பதும், இயந்திரங்கள் அதனைத் தோண்டுவதும் நாம் காணும் காட்சியே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிச் சென்றதை இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். மணல்மேடு உயர்ந்து நின்ற கரைகளில் அலையின் கொடுமை தணிந்தது என்பது அன்று கற்ற பாடம். மணற்குன்றுகளைக் கேளிக்கைக்காகவோ அழகுக்காகவோ உருமாற்றுவதை 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே தடை செய்திருக்கிறது.

மேலும், ஜனவரி முதல் மார்ச் வரை இரவு நேரங்களில் பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைத் திரட்டிக் காத்துவருகின்றனர். மணலில் ஓடும் வண்டியின் பாரம் முட்டைக்குழியை நசுக்கிவிடும். பொரித்து வெளிவந்த குஞ்சுக்கோ சக்கரம் பதித்த தடம் ஒரு பெரும்பள்ளம். அதில் விழுந்து கடலை அடையாமல் மாளும். நமக்கு ஒரு நிமிட மகிழ்ச்சி தரும் அத்தடம் அதற்கு வாழ்வின் முடிவாகிறது.

மணலில் வண்டி ஓட்டுவதே தீது என்று நான் கூறவில்லை. லஹ்பாபின் குன்றேறியபோது இந்த வயதிலும் என் நெஞ்சு சிறுபிள்ளைபோல் துள்ளியது. வகுத்த இடத்தில், அறிந்தவர் துணையோடு, அளவறிந்து சென்றால் அது நல்ல விளையாட்டே. ஆனால், வரலாறு நமக்குக் கூறுவது இதுதான்: மணலில் சக்கரம் வென்ற ஒவ்வொரு முறையும், அது தன் இறுக்கத்தைத் தளர்த்தி, ஒட்டகத்தின் பாதத்திடமும் அந்நிலத்து மக்களிடமும் பாடம் கேட்டே வென்றது. தன் ஆற்றலை மட்டும் நம்பியபோது ஒன்று தான் புதைந்தது. அல்லது பிற உயிர்களைப் புதைத்தது.

இதை எழுதி முடித்த மாலையிலும் கடற்கரைக்குப் போனேன். அன்று ஜீப் புதைந்த குழியைக் காற்றும் அலையும் தூர்த்துவிட்டிருந்தன. அப்பெரியவர் அதே இடத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வாசகத்தைப் பற்றி ஏட்டில் எழுதப் போவதாகச் சொன்னேன். “இதிலே எழுத என்னா பாய் இருக்குது? கடக்கரையிலே பொறந்த கொழந்தைக்கும் தெரியுமே” என்று சிரித்தார். கடற்கரையில் பிறவாத நமக்காகத்தான் எழுதினேன் என்று கூறி விடைபெற்றேன். மஃக்ரிபு பாங்கொலி காற்றில் மிதந்து வந்தது.